சிரிப்புக்கும் சண்டைக்கும் ஒரே இலக்கணம்



இந்தக் கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில், அண்மையில் வந்த தமிழ்ப் படங்களின் நகைச்சுவையையும் சண்டையையும் பற்றி ஒரு ரசிகனாகப் பேசச் சொன்னார்கள். ரசிகனுக்கு இப்படி ஒரு மேடை கிடைப்பது அபூர்வம். அதனால் மனத்தில் இருப்பதை நேராகவே சொல்லிவிடுகிறேன். நல்ல நகைச்சுவைக் காட்சிக்கும் நல்ல சண்டைக் காட்சிக்கும் இலக்கணம் ஒன்றுதான். ஆள் யார், அவன் எங்கே நிற்கிறான், எதற்குப் பயப்படுகிறான் என்று நமக்கு முதலில் தெரிந்துவிட வேண்டும். தெரிந்துவிட்டால் ஒரு பார்வைக்கே அரங்கம் சிரிக்கும், ஒரே அடிக்கு விசில் பறக்கும்.

ஒரு காலத்தில் நம் சினிமாவில் இவை தனித்தனிக் கடைகள். கதையை ஒருவர் எழுதுவார், நகைச்சுவைப் பகுதியை இன்னொருவர் எழுதுவார், சண்டையை மாஸ்டரிடம் விட்டுவிடுவார்கள். அதிலும் மேதைகள் இருந்தார்கள். 1989இல் வந்த ‘கரகாட்டக்கார’னுக்கு ஏ. வீரப்பன் எழுதிய நகைச்சுவையை இன்றைக்கும் குழந்தைகள்கூடச் சொல்கிறார்கள். ஆனால் எத்தனையோ படங்களில் அந்தப் பகுதிகளைக் கழற்றி எடுத்துவிட்டாலும் கதைக்கு ஒரு கீறலும் விழாது. 2019 முதல் வந்த சில நல்ல படங்கள் இந்தச் சுவரை இடித்திருக்கின்றன. எனக்குப் பெரிய சந்தோஷம் அதுதான்.

2019 தீபாவளிக்கு வந்த ‘கைதி’யை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டு இல்லை, கதாநாயகி இல்லை. ஒரே ராத்திரியில் நடந்து முடிகிற கதை. கார்த்தியின் சண்டையை எல்லோரும் பாராட்டிவிட்டோம். நான் அதில் வரும் நெப்போலியன் என்ற கான்ஸ்டபிளைப் பற்றிப் பேச வேண்டும். அந்த வேடத்தில் நடித்தவர் ஜார்ஜ் மரியான். அதுவரை நாம் பெரும்பாலும் சிரிப்பதற்காகவே பார்த்த முகம். வயதான, ஒல்லியான மனிதர். கமிஷனர் அலுவலகத்தை நோக்கி ஒரு கும்பலே வருகிறது. உள்ளே இவரும் சில கல்லூரிப் பிள்ளைகளும்தான். கதவை அடைத்து, கிடைத்ததை முட்டுக்கொடுத்து நிற்கிறார். சிரித்துப் பழகிய முகம் என்பதால்தான் நமக்கு நெஞ்சு பதறியது. அங்கே ஒரு பயில்வானை நிறுத்தியிருந்தால் அந்தப் பதற்றம் வந்திருக்குமா?

‘கைதி’யை இயக்கிய லோகேஷ் கனகராஜ் 2022இல் ‘விக்ரம்’ எடுத்தார். கமல் ஹாசன், விஜய் சேதுபதி, பகத் பாசில் என்று மூன்று மலைகள். அரங்கம் எழுந்து கத்தியது யாருக்கு? வீட்டு வேலை செய்யும் அம்மாவாக ஓரத்தில் வந்துபோன வசந்திக்கு. நடனக் குழுக்களில் பல ஆண்டு பின்வரிசையில் ஆடிய பெண்மணி அவர். வீட்டுக்குள் ஆட்கள் புகுந்ததும் வீட்டுச் சாமானே ஆயுதமாக, புடவையோடு அவர் போட்ட சண்டையைப் பாருங்கள். காலும் கையும் தாளத்தில் விழும். ஆடிப் பழகிய உடம்பு அது. அதைத் தெரிந்து பயன்படுத்தியவர்கள் சண்டைப் பயிற்சியாளர்களான அன்பறிவு சகோதரர்கள்.

இனி ‘மாவீரன்’, 2023. மடோன் அஸ்வின் இயக்கியது. குடிசையில் இருந்தவர்களை அடுக்குமாடிக்கு மாற்றுகிறார்கள். தொட்டால் பூச்சு உதிர்கிறது, கைப்பிடி கையோடு வருகிறது. யோகி பாபு பூசப் பூச அடுத்த இடம் பெயர்கிறது. சிரிக்கிறோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே, இதற்குள் குழந்தை குட்டிகளோடு குடும்பங்கள் இருக்கின்றனவே என்று உறைக்கிறது. கதாநாயகன் சத்யாவோ சண்டை என்றால் ஒதுங்குகிறவன். காதுக்குள் ஒரு குரல் அவனை வீரன் என்று வர்ணிக்கிறது. குரல் கேட்டதும் அண்ணாந்து பார்க்கிறான். சத்யாவாக நடித்த சிவகார்த்திகேயனின் அந்த ஒரு அசைவில் சிரிப்பும் பயமும் சேர்ந்தே இருக்கின்றன. அடி விழாமல் தப்பிக்க நெளிகிறவன் அடிக்கிறவனாக மாறுவதை அங்குலம் அங்குலமாகக் காட்டினார்கள். இந்தத் தலைப்பில் எனக்கு முதல் படம் அதுதான்.

‘டாக்டர்’, ‘லப்பர் பந்து’, ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ எல்லாம் நேரம் இருந்தால் தனித்தனியே பேச வேண்டியவை. 2025 பொங்கலுக்கு ‘மதகஜராஜா’ வந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு ஆண்டு பெட்டிக்குள் கிடந்த படம். மறைந்த மனோபாலாவை அதில் பார்த்து அரங்கமே வயிறு குலுங்கச் சிரித்தது. குடும்பத்தோடு உட்கார்ந்து சிரிக்க மக்கள் எவ்வளவு ஏங்கியிருக்கிறார்கள் என்பதைத் தயாரிப்பாளர்கள் அங்கே கண்டிருக்க வேண்டும்.

குறையையும் சொல்லியாக வேண்டும். ‘விக்ர’மில் 1995ஆம் ஆண்டு ‘அசுரன்’ படப் பாட்டு ஒன்று ஒலித்து இடத்துக்குப் பொருந்தியது. அதற்குப் பிறகு எந்தச் சண்டைக்கும் ஒரு பழைய பாட்டு என்றாகிவிட்டது. கதையில் வேலையே இல்லாத கௌரவத் தோற்றம், எண்ணி முடியாத துப்பாக்கி, காதைக் கிழிக்கும் ஒலி. 2024இல் ‘கங்குவா’ வந்தபோது சத்தத்தைப் பற்றி எழுந்த புகார்களை நீங்களே கேட்டிருப்பீர்கள். நூறு பேரைச் சுட்டுத் தள்ளும் காட்சியில் ஒருவன் முகமும் நினைவில் நிற்காவிட்டால் அது சண்டையே அல்ல என்பேன். நகைச்சுவையிலும் உடல் பருமனையும் நிறத்தையும் சொல்லிச் சிரிக்க வைக்கும் பழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. அது போயாக வேண்டும்.

நண்பர்களே, சண்டைக் காட்சி நமக்குக் கொண்டாட்டம், அதைச் செய்கிறவர்களுக்கு உயிர். 2025 ஜூலையில் நாகப்பட்டினம் பக்கம் ஒரு படப்பிடிப்பில் காரை வைத்து எடுத்த சாகசக் காட்சியில் ஒரு சண்டைக் கலைஞர் இறந்துபோனார். இத்தனை ஆபத்தான கலைக்கு அங்கீகாரமும் தாமதமாகத்தான் வருகிறது. ஹாலிவுட்டின் ஆஸ்கர் குழுவே 2027 முதல் வெளியாகும் படங்களுக்குச் சண்டை வடிவமைப்பு விருதை அப்போதுதான் முதன்முறையாக அறிவித்திருந்தது. நம் நாட்டின் தேசிய விருதுகளில் அதற்கு முன்பே இடம் வந்துவிட்டது. ‘புலிமுருகன்’ படத்துக்காகப் பீட்டர் ஹெய்ன் வாங்கினார். விருது வந்தால் போதாது. படப்பிடிப்புத் தளத்தில் ஆம்புலன்சும் காப்பீடும் கட்டாயம் இருக்க வேண்டும் என்று ரசிகர் மன்றங்கள் கேட்க வேண்டும். கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றும் தம்பிமார்கள் இதையும் ஒரு கோரிக்கையாகத் தங்கள் நாயகர்களிடம் எழுதிக் கொடுக்கலாம்.

இன்னொரு வேண்டுகோள். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது இருக்கையை விட்டு எழாதீர்கள். நகைச்சுவை எழுதியவர், சண்டைப் பயிற்சியாளர், நாயகனுக்குப் பதிலாகக் கீழே விழுந்தவர் எல்லோருடைய பெயரும் அங்கேதான் ஓடுகிறது. அடுத்த படத்துக்குப் போகும்போது உட்கார்ந்து படித்துவிட்டு வாருங்கள்.