குறைந்த கூலியும் குனிந்த தலையும்: கிரன்விக் தொழிலாளர் விட்டுச்சென்ற பாடம்

(புலம்பெயர் தமிழ்ப் பெற்றோர், இளையோர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



"கிடைத்த வேலையைக் காப்பாற்றிக்கொள், வாய் திறவாதே." நம் பிள்ளைகள் முதன்முதலாக வேலைக்குப் புறப்படும்போது நாம் வழங்கும் அறிவுரை இது. கடன்பட்டு, எல்லைகள் கடந்து வந்த ஒரு தலைமுறையின் அச்சமும் அன்பும் கலந்து பிறந்த சொற்கள் அவை. ஆயினும் அந்த அறிவுரை உண்மையிலேயே நம்மைக் காக்கின்றதா? ஒரு தொழிலகத்தின் வரலாற்றைக் கொண்டு இக்கேள்வியை உங்களோடு சேர்ந்து எண்ணிப்பார்க்க விரும்புகின்றேன்.

வடமேற்கு இலண்டனில், இன்று நம்மவர் பலர் வாழும் வெம்பிளிக்கு அண்மையில், வில்ஸ்டன் பகுதியில் 1970களில் கிரன்விக் என்னும் நிழற்படத் தொழிலகம் இயங்கி வந்தது. மக்கள் தாம் எடுத்த படச்சுருள்களை அஞ்சலில் அனுப்புவர். தொழிலகம் அவற்றைக் கழுவிப் படங்களாக்கி, மீண்டும் அஞ்சலிலேயே திருப்பி அனுப்பும். அங்கு உழைத்தோரில் பெரும்பாலோர் கென்யா, உகண்டா, தன்சானியா முதலிய நாடுகளிலிருந்து வந்து குடியேறிய இந்திய வம்சாவளிப் பெண்கள். அங்கே ஓரளவு வசதியாக வாழ்ந்த பலர், இங்கே கிடைத்த வேலையை ஏற்கவேண்டியவர் ஆயினர். அவர்கள் கதைக்கும் நம் கதைக்கும் அதிக தூரமில்லை.

1976ஆம் ஆண்டில் அங்கே வாரம் 40 மணி நேர உழைப்புக்குக் கிடைத்தது ஏறத்தாழ 28 பவுண்கள். அக்காலத்தில் இலண்டனில் உடலுழைப்புப் பணிகளில் முழுநேரம் ஈடுபட்ட பெண்களின் சராசரி ஊதியமோ 44 பவுண்கள். கூலி குறைவு என்பதைவிட ஆழமாக அவர்களை வருத்தியது அவர்கள் நடத்தப்பட்ட முறை. மேலாளர் கண்ணாடி அறையிலிருந்து கண்காணிப்பார். கழிப்பறைக்குச் செல்வதற்கும் அனுமதி கேட்டாக வேண்டும். மேலதிக நேர வேலை கட்டாயம். அன்று மாலையில்தான் அது அறிவிக்கப்படும். வீட்டில் பிள்ளைகள் காத்திருப்பது ஒரு காரணமாகக் கொள்ளப்படவில்லை.

1976 ஆகஸ்ட் 20ஆம் நாள், மந்தமாக வேலை செய்தார் என்று கூறி ஓர் இளைஞர் நீக்கப்பட்டார். அவருக்காக மூவர் வெளியேறினர். அன்று மாலை, வீடு செல்ல ஆயத்தமான ஜெயபென் தேசாய் என்ற பெண்மணி மேலதிக நேரம் நிற்குமாறு பணிக்கப்பட்டார். அவர் மறுத்து, அங்கேயே பணிபுரிந்த தம் மகனோடு வெளியேறினார். உருவத்தில் மிகச் சிறியவர். ஆங்கிலமும் அவருக்குத் தாய்மொழியன்று. எனினும் அடுத்துவந்த நாட்களில் அவர் பக்கம் நின்றோர் தொகை 137 ஆக வளர்ந்தது. அவர்கள் தொழிற்சங்கத்தில் இணைந்தனர். நிறுவனம் அவர்களை வேலையிலிருந்து நீக்கியது.

சேலை உடுத்த பெண்கள் குளிரிலும் மழையிலும் வாயிலில் நின்றனர். கிரிக்கில்வுட் அஞ்சல் ஊழியர்கள் அந்நிறுவனத்தின் அஞ்சலைக் கையாள மறுத்தனர். 1977 கோடையில் சுரங்கத் தொழிலாளரும் துறைமுகத் தொழிலாளரும் ஆயிரக்கணக்கில் வந்து துணை நின்றனர். 1968இல் குடியேறிகளுக்கு எதிராக ஊர்வலம் சென்ற அதே இலண்டன் துறைமுகத் தொழிலாளரின் பதாகை, இப்போது குடியேறிய பெண்களுக்காக உயர்ந்தது.

ஆனாலும் அவர்கள் வெல்லவில்லை. நீக்கப்பட்டோரை மீண்டும் பணியில் அமர்த்துமாறு நீதிபதி ஸ்கார்மன் தலைமையிலான விசாரணைக் குழு 1977 ஆகஸ்டில் பரிந்துரைத்தது, நிறுவனம் ஏற்கவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் பிரபுக்கள் சபையின் தீர்ப்பும் நிறுவனத்துக்குச் சாதகமாயிற்று. 1978 ஜூலையில் போராட்டம் முடிவுற்றது. ஆயினும் அக்காலத்திலேயே உள்ளே வேலை செய்துகொண்டிருந்தோரின் ஊதியம் உயர்த்தப்பட்டது. வாய் திறந்தவர் வேலையிழந்தனர். அவர்கள் வாய் திறந்ததன் பயனை வாய் திறவாதவர் பெற்றனர். இக்கசப்பான உண்மையை நாம் மறக்கலாகாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்நிறுவனத்தின் உரிமையாளர் ஜோர்ஜ் வார்ட் இந்தியாவில் பிறந்த ஆங்கிலோ-இந்தியர். முதலாளி நம் மண்ணைச் சேர்ந்தவர் என்பதால் மட்டும் நீதி கிடைத்துவிடுவதில்லை. இன்று நம்மவர் கடைகளிலும் உணவகங்களிலும் பெற்றோல் நிலையங்களிலும் நம் பிள்ளைகளே வேலை செய்கின்றனர். "நம்ம ஆள்தானே" என்ற சொல்லுக்குள் எத்தனை மணி நேரங்கள் கணக்கில் வராமல் போகின்றன! மாணவராக வந்தவரும் அகதி விண்ணப்பம் முடிவாகாதவரும் விசாவை எண்ணி அஞ்சி, கொடுத்ததை வாங்கிக்கொண்டு நிற்கின்றனர். அந்த அச்சத்தை விலைபேசுவோர் நம்முள் இருப்பின், அதைக் கண்டிக்கும் துணிவும் நமக்கு வேண்டும்.

இளையோரே, கிரன்விக் பெண்களுக்கு இல்லாத சில பாதுகாப்புகள் உங்களுக்கு உண்டு. பிரித்தானியாவில் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் 1998இல் இயற்றப்பட்டு, 1999 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. அந்த ஊதியத்தைக் கேட்டதற்காக ஒருவரை நீக்குவது சட்டவிரோதம். சம்பளச் சிட்டை பெறுவது உங்கள் உரிமை. 2019 ஏப்ரல் முதல், மணிக்கணக்கில் ஊதியம் பெறுவோருக்கு அச்சிட்டையில் வேலை நேரமும் காட்டப்படவேண்டும். ஆகவே வேலைக்குச் சென்ற நேரத்தையும் திரும்பிய நேரத்தையும் நாள்தோறும் எழுதிவையுங்கள். சம்பளச் சிட்டையோடு ஒப்பிடுங்கள். உடன் வேலை செய்வோரோடு பேசுங்கள். முறையீடு செய்வதற்குக் காலக்கெடு உண்டு. ஆகையால் தாமதியாமல் தொழிற்சங்கத்தையோ இலவச ஆலோசனை நிலையத்தையோ நாடுங்கள்.

பெற்றோரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை வேலையிலிருந்து திரும்பும்போது "எவ்வளவு தந்தார்கள்?" என்று கேட்பதோடு நில்லாமல், "எப்படி நடத்தினார்கள்?" என்றும் கேளுங்கள். அவமதிப்பைச் சகிக்கப் பழகியவரிடம் கூலியைக் குறைப்பது எளிது. தனித்து நிற்பவரிடம் அது இன்னும் எளிது. பொறுமை நம் முன்னோர் போற்றிய பண்பு. ஆனால் அநீதிக்குப் பணிந்து கிடப்பதற்குப் பொறுமை என்று பெயரில்லை.

ஜெயபென் தேசாய் 2010 டிசம்பரில் மறைந்தார். அவர் இழந்தது ஒரு வேலையை. அவர் விட்டுச்சென்றதோ, புலம்பெயர்ந்து வந்தவரும் தலைநிமிர்ந்து உழைக்கலாம் என்ற நம்பிக்கையை. அதை நம் பிள்ளைகளுக்குக் கையளிப்போம்.