ஒக்டோபர் 30ஐ மறக்க வேண்டாம்



கலண்டரில் ஒக்டோபர் 30ஆம் திகதி மற்ற நாளைப் போலத்தான் தெரியும். ஆனால் நமக்கு அது லேசுப்பட்ட நாளில்லை.

1908இல் இராமநாதபுரத்துப் பசும்பொன்னில் முத்துராமலிங்கத் தேவர் பிறந்தது அன்றுதான். 1963இல் அவர் காலமானதும் அதே திகதிதான்.

அடுத்த வருசம், 1964இல், அதே நாளில் புதுடில்லியில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. நாடற்றவர்கள் 9,75,000 பேர் என்று கணக்குப் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று பிரித்தார்கள். கொழுந்து பறித்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அண்ணன் அக்கரை, தங்கச்சி இக்கரை என்று ஆனது. ஒப்பாரிக் கோச்சியை நமது பெரியவர்கள் மறப்பார்களா?

1999இல், அதே ஒக்டோபர் 30இல், பிரஜாவுரிமைக்காகப் போராடிய சௌமியமூர்த்தி தொண்டமான் ஐயா காலமானார்.

இன்னொன்றையும் கேளுங்க. மிஞ்சிய நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை தரும் சட்டம் 2003இல் வந்தது. 1964 ஒக்டோபர் 30 தொடக்கம் இங்கே நிரந்தரமாக இருந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களுடைய வாரிசுகளுக்கும் அந்த உரிமை என்று அதில் எழுதியிருக்கு. பிரித்த நாளே சேர்க்கிற நாளுமாச்சு!

ஆகவே திகதியைச் சும்மா நினைக்காதீங்க. லயத்தில் பிள்ளை பிறந்தாலும், பெரியவர் இறந்தாலும் தாமதிக்காமல் பதிவு செய்வோம். அத்தாட்சிப் பத்திரத்தை டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைப்போம். வாய்ச்சொல்லுக்கு மறதி உண்டு, எழுத்துக்கு இல்லை.