தளர்த்திய தந்திக்குக் கெடாவில் பாய் விரிப்போமா?



பிற நாட்டு இசையை நம் மேடைக்கு அழைப்பது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் இசை படித்தவன் அல்லன். கேமராவுக்கு முன்னால் நின்று அடுத்தவரை அறிமுகப்படுத்துவது என் தொழில். ஆனால் கச்சேரி எப்படிக் கெடும் என்பதை மேடையின் ஓரத்தில் நின்று பல முறை பார்த்திருக்கிறேன். அந்தத் தகுதியோடுதான் வந்திருக்கிறேன்.

கெடாவுக்கு ஓர் இசையை அழைத்து வரலாம் என்றால் நான் கேட்பது ஹவாய் தீவுகளின் ஸ்லாக் கீ கித்தார். சுங்கைப் பட்டாணிக்கும் ஹவாய்க்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். உறவு இருக்கிறது. அதுவும் தோட்டம்தான். அங்கே கரும்பு, இங்கே ரப்பர். 1852-இல் சீனர்கள் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே போனார்கள். பிறகு போர்த்துகீசியர், ஜப்பானியர், பிலிப்பினோக்கள் என்று கப்பல் கப்பலாக இறங்கினார்கள். தோட்டத்துக் குடியிருப்பு, தோட்டத்துக் கடை, கடையில் பற்று, மேற்பார்வைக்கு ஒருவர் என்று அந்த வாழ்க்கையை நம் தாத்தா பாட்டியிடம் சொன்னால், "இது நம்ம கதைதானேப்பா" என்பார்கள். அங்கே கடைசியாக இருந்த கரும்பாலை மௌயி தீவில் 2016 டிசம்பரில் மூடப்பட்டது. இங்கே ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டதையும், செம்பனையை வெட்டி வீடமைப்புத் திட்டம் போட்டதையும் நாம் பார்த்துக்கொண்டுதானே இருந்தோம்?

சரி, அந்தக் கித்தார் என்ன கித்தார்? கடையில் விற்கும் அதே ஆறு தந்திக் கித்தார்தான். கதை மாட்டில் தொடங்குகிறது. 1793-இல் வான்கூவர் என்ற ஆங்கிலேயக் கப்பல் தலைவர் ஹவாய் மன்னருக்கு மாடுகளைப் பரிசளித்தார். அவற்றைக் கொல்லக் கூடாது என்று மன்னர் தடை போட்டார். மாடுகள் பெருகிக் காட்டு மாடுகளாகி ஊரையே மேய ஆரம்பித்தன. 1832 வாக்கில் மூன்றாம் கமேஹமேஹா மன்னர் அவற்றை அடக்க மெக்சிகோ மாட்டுக்காரர்களை வரவழைத்தார். அவர்கள் மாலையில் தீ மூட்டிக் கித்தார் வாசித்தார்கள். வேலை முடிந்து ஊர் திரும்பியபோது சில கித்தார்கள் அங்கேயே தங்கிவிட்டன என்பார்கள். வாசிக்க முழுதாகச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. ஹவாய்க்காரர்கள் தந்திகளைத் தங்கள் காதுக்கு ஏற்றபடி தளர்த்திக்கொண்டார்கள். 'கீ ஹோவாலு' என்று அவர்கள் மொழியில் சொல்வதற்குப் பொருளே தந்தி முறுக்கைத் தளர்த்துவது என்பதுதான்.

பரவலாகப் புழங்கும் ஒரு சுதி அமைப்பில் முதல் தந்தி, ஐந்தாம் தந்தி, ஆறாம் தந்தி மூன்றையும் ஒவ்வொரு முழுச் சுரம் இறக்கிவிடுவார்கள். பிறகு எந்த இடத்திலும் விரல் வைக்காமல் மீட்டினாலே ஆறு தந்தியும் ஒத்துப் பாடும். கட்டைவிரல் கீழ்த் தந்திகளில் தாளம் போல நடக்கும், மற்ற விரல்கள் மேலே பாட்டு வாசிக்கும். மிருதங்கத்தின் இரண்டு பக்கமும் ஒரே ஆள் கையில் பேசுகிறதே, அந்த மாதிரி. ஓசை சிறியது. வீட்டு முற்றத்தில் நாலு பேர் உட்கார்ந்து கேட்பதற்கென்று பிறந்த இசை அது.

இன்னொன்று, பல குடும்பங்கள் தங்கள் சுதி அமைப்பை ரகசியமாக வைத்திருந்தன. வெளியாள் வந்தால் தந்தியைத் தளர்த்திக் கலைத்துவிட்டு எழுந்து போவார்களாம். பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத்தான் கற்க வேண்டும். பார்க்கப் பிள்ளை இல்லாத வீட்டில் அந்தச் சுதி தாத்தாவோடு போனது. அதற்கு மேல் 1896-இல் ஹவாய் மொழி பள்ளிக்கூடப் பாட மொழியாக இருப்பதும் நின்றது. பாட்டின் பொருள் தெரியாத பேரப்பிள்ளைகள் வளர்ந்தார்கள். 1940-களில் கேபி பஹினுயி ஒரு நீர்வீழ்ச்சியைப் பற்றிய 'ஹியிலாவே' பாட்டை இந்தக் கித்தாரோடு பாடிப் பதிவு செய்தார். 1970-களில் அங்கே மொழிக்கும் கலைக்கும் ஒரு மறுமலர்ச்சி வந்தது. கியோலா பீமர் போன்றவர்கள் ரகசியத்தை உடைத்துப் புத்தகமாகவே போட்டார்கள்.

இந்த முற்றத்து இசை தீவை விட்டு எப்படி வெளியே போனது? பியானோக் கலைஞர் ஜார்ஜ் வின்ஸ்டன் தம் டான்சிங் கேட் நிறுவனத்தின் மூலம் 1994 முதல் மூத்த ஸ்லாக் கீ கலைஞர்களின் ஒலித்தட்டுகளை வரிசையாக வெளியிட்டார். கலைஞர்கள் அமெரிக்க நகரங்களுக்குப் போய் வாசித்தார்கள். 2005-இல் கிராமி விருதில் ஹவாய் இசைக்கென்று ஒரு பிரிவு தொடங்கியதும் முதல் விருதே ஒரு ஸ்லாக் கீ தொகுப்புக்குத்தான் கிடைத்தது. அந்தப் பிரிவு இருந்த ஏழு ஆண்டுகளில் ஐந்து முறை இந்தக் கித்தாரே வென்றது. 'எங்கள் பாட்டும் மொழியும் எங்கே போயின?' என்று ஹவாயிலேயே முணுமுணுப்பு எழுந்தது. அந்த முணுமுணுப்பில் நியாயம் இருக்கிறது. வெளியூரில் கச்சேரி வைப்பவர்கள் அதை மறக்கக் கூடாது.

இனி நம் ஊருக்கு வருவோம். இங்கே 'ஹவாய் கித்தார்' என்று சுவரொட்டி அடித்தால் முதல் தகராறு அங்கேயே தொடங்கிவிடும். நம் பெரியவர்களுக்கு அந்தப் பெயர் தெரியும். பழைய திரைப்பாடல்களில் குழைந்து குழைந்து வருமே, மடியில் கிடத்தி இரும்புத் துண்டால் இழுத்து வாசிப்பது, அதைத்தான் அவர்கள் எதிர்பார்ப்பார்கள். அது ஸ்டீல் கித்தார். அதுவும் ஹவாயில் பிறந்ததுதான், ஜோசப் கெகுகு என்ற இளைஞர் கண்ட முறை. தாவ் மோ என்ற கலைஞரின் குடும்பம் ஆசியா முழுவதும் அதை வாசித்துத் திரிந்து, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கல்கத்தாவில் தங்கியிருந்தது. அந்த வழியில்தான் இந்தியாவில் அது வேர்விட்டது. பிரிஜ் பூஷண் காப்ரா அதில் ராகம் வாசித்தார். விஸ்வ மோகன் பட் 1994-இல் ரை கூடருடன் சேர்ந்து கிராமி வாங்கினார். ஸ்லாக் கீ வேறு. இழுவைத் துண்டு இல்லை, விரல் மட்டும்தான். இரண்டையும் கலந்து விளம்பரம் செய்தால் வந்தவர் பாதியில் எழுந்து போவார். குற்றம் கலைஞருடையது அல்ல, நம்முடையது.

நமக்கே ஓர் இழுவை வாத்தியம் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். கோட்டு வாத்தியம், இப்போது சித்திர வீணை என்கிறோம். மெட்டுகள் இல்லாத வீணை, கட்டையால் தந்தி மீது வழுக்கி வாசிப்பது. திருவிடைமருதூர் சகாராம ராவ், பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள், நாராயண ஐயங்கார் ஆகியோர் வளர்த்தது.

சில ஆண்டுகளுக்கு முன் கெடாவில் ஒரு பட்டணத்து மண்டபத்தில் இந்தச் சித்திர வீணைக் கச்சேரி ஒன்றுக்கு நான் அறிவிப்பாளராக இருந்தேன். நல்ல கலைஞர். நாற்காலி இருநூறு போட்டோம். கோலாலம்பூர் ஏற்பாட்டாளர்கள் ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணி என்று தேதி வைத்துவிட்டார்கள். கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும் என்பது அவர்களுக்கு நினைவில் இல்லை. மறுநாள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். வந்தவர்கள் நாற்பது பேர் இருக்கலாம். சிறப்பு விருந்தினருக்காக முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். அவர் வந்ததும் மாலை, பொன்னாடை, உரை. ஒலிபெருக்கி ஆட்கள் கலை நிகழ்ச்சி ஆட்டத்துக்கு வைக்கும் பெட்டிகளைக் கொண்டு வந்திருந்தார்கள். வீணையின் ஒவ்வொரு இழுப்புக்கும் சுவர் அதிர்ந்தது. நான் வேறு, கலைஞர் தந்தி சேர்க்கும்போதெல்லாம் மைக்கைப் பிடித்து ஏதாவது பேசி இடத்தை நிரப்பினேன். தொலைக்காட்சிப் பழக்கம், மௌனம் என்றாலே பயம்.

இடைவேளைக்குப் பிறகு அந்தக் கலைஞர் ஒரு காரியம் செய்தார். ஒலிபெருக்கியை அணைக்கச் சொன்னார். மேடையை விட்டு இறங்கி, தரையில் பாய் போடச் சொல்லி உட்கார்ந்தார். "கிட்ட வாங்க" என்றார். பின்வரிசையில் இருந்த தோட்டத்துப் பெரியவர்கள் எழுந்து வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். அப்போதுதான் கச்சேரி ஆரம்பமானது. முடிவில் அவர், "உங்கள் தோட்டத்தில் என்ன பாடுவீர்கள்?" என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பீடோங் பக்கம் பால் மரம் வெட்டிய ஒரு பாட்டி, பேத்தி இடித்துத் தள்ளியபின் ஒரு தாலாட்டுப் பாடினார். தமிழ்நாட்டு ஊர்ப் பெயரோடு தொடங்கிய பாட்டு, நடுவில் தோட்டத்துக்குள் நுழைந்து மண்டோரையும் பெரட்டையும் வம்புக்கு இழுத்தது. கலைஞர் மெதுவாகச் சுதி பிடித்துப் பின்தொடர்ந்தார்.

ஸ்லாக் கீ கச்சேரி வைத்தால் அந்த இரண்டாம் பாதியிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே என் கட்சி. மண்டபம் வேண்டாம். பீடோங், பாடாங் செராய், கூலிம் பக்கம் இன்னும் ஆளிருக்கும் ஒரு தோட்டத்துக் கோயில் பந்தலோ தமிழ்ப்பள்ளித் திடலோ போதும். நூறு பேருக்குப் பாய். நாள் சனிக்கிழமை, நேரம் மாலை நாலரை. பினாங்குத் தொழிற்சாலைக்கு பஸ்ஸில் போகிறவர்களில் பலருக்கு அன்று ஓய்வு, பிள்ளைகளுக்கும் விடுமுறை. இருட்டுவதற்குள் முடித்துவிட்டால் அந்திப் பாங்கு ஓசை கேட்கும் நேரத்தில் குறுக்கிட வேண்டியதும் இல்லை. செப்டம்பர், அக்டோபர் மழை மாதங்களில் வேண்டாம். தோட்டத்து மாரியம்மன் திருவிழா வாரத்திலும் வேண்டாம், அம்மனோடு போட்டி போட்டு யாரும் ஜெயித்ததில்லை.

அனுமதி வேலை அலுப்பானது, ஆனால் செய்யக்கூடியது. வெளிநாட்டுக் கலைஞர் என்றால் புஸ்பால் ஒப்புதல், அது போக போலீஸ், ஊராட்சி மன்றம். மூன்று மாதத்துக்கு முன்பே தொடங்கினால் கடைசி வாரத்தில் யார் காலிலும் விழ வேண்டாம்.

ஒலிக்குச் சின்னப் பெட்டி இரண்டு, கித்தாருக்கு ஒரு மைக், குரலுக்கு ஒன்று. குளிர்சாதன காரிலிருந்து இறக்கிய கித்தாரை நம் வெயிலில் உடனே வாசிக்கக் கூடாது, சுதி ஓடும். ஒரு மணி நேரம் பந்தலிலேயே வைத்திருக்க வேண்டும். ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் சுதி அமைப்பே மாறும் என்பதால் கலைஞர் அடிக்கடி தந்தியை இறக்கி ஏற்றுவார். அந்த இடைவெளியில் அவர்களே பாட்டின் கதையைச் சொல்வது ஹவாய் வழக்கம். இது எந்த அருவி, எந்தக் காற்று, யார் வீட்டுப் பாட்டு என்று. அறிவிப்பாளர் அதைத் தமிழில் சொல்லிவிட்டு உட்கார வேண்டும். என்னைப் போல் நிரப்பக் கூடாது. ஒரு பாட்டாவது ஹவாய் மொழியில் பாடச் சொல்லிக் கேளுங்கள். பொருள் தெரியாவிட்டாலும் தாத்தா மொழி என்றால் என்ன என்று நம் மக்களுக்குத் தெரியும்.

கட்டணம் ஐந்து வெள்ளி. இலவசம் என்றால் முன்வரிசை முழுக்க 'ஒதுக்கப்பட்டது' என்ற அட்டை மட்டும் உட்கார்ந்திருக்கும். சிறப்பு விருந்தினர் வரலாம். பாயில் உட்காரலாம். உரை கிடையாது.

முதல் பாதி நம்முடையது. உறுமி, தப்பு, கும்மி, தாலாட்டு, பால் மரக் காட்டுப் பாட்டு என்று அந்தத் தோட்டத்தில் யாரிடம் என்ன இருக்கிறதோ அது. "இதெல்லாம் கச்சேரிக்கு ஆகுமா சார்?" என்று பட்டணத்து நண்பர்கள் என்னிடம் கேட்டதுண்டு. மாட்டுக்காரர்கள் விட்டுப்போன கித்தாரை ஹவாய்க்காரர்களும் அப்படி நினைத்திருந்தால் நாம் இப்போது எதை அழைத்து வருவது? தவிர, விருந்தாளி நிச்சயம் கேட்பார், நீங்கள் என்ன பாடுவீர்கள் என்று. அப்போது மறுபடியும் பேத்தி இடித்துத் தள்ளும் நிலை வரக்கூடாது.

அந்தப் பாட்டி இப்போது இல்லை. அவர் பாடியதை நாங்கள் பதிவு செய்யவும் இல்லை. சிறப்பு விருந்தினர் உரை முடிந்ததும் கேமரா வண்டியை நானே அனுப்பிவிட்டேன், மிகைநேரச் சம்பளம் ஏறுகிறது என்று. பேத்திக்கு முதல் நாலு அடி மட்டும் ஞாபகம் இருக்கிறது.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய கேசட் இருந்தால், தோட்டத்துத் திருவிழாவிலோ கல்யாணத்திலோ துக்க வீட்டிலோ யாராவது பாடியது இருந்தால், தூக்கிப் போடாதீர்கள். நாடா ஒட்டிக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை. கொண்டு வாருங்கள், ஒலிப்பதிவுக் கூடத்தில் என் நண்பர்கள் இருக்கிறார்கள், மாற்றித் தருகிறோம்.