பரியும் நரியும்



ஆடி மாதத்தில் அந்தியூர்க் குருநாதசுவாமி கோயில் திருவிழாவை ஒட்டிக் கூடும் குதிரைச் சந்தையைப் பற்றி உங்களுட் பலர் கேள்வியுற்றிருப்பீர்கள். சில ஆண்டுகளுக்கு முன், அச்சந்தைக்கு ஒரு திங்கள் இருக்கும்போது, பெரியவர் ஒருவர் கறுப்புப் பெட்டைக் குதிரை ஒன்றை நான் பணிபுரிந்த மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார். கொண்டுவந்தார் என்பதைவிட, இரண்டு ஆட்கள் இரு புறமும் கயிறு பிடிக்க இழுத்துவந்தார் என்பதே பொருந்தும்.

"இதைச் சந்தையில் தள்ளிவிடப் போகிறேன், ஐயா. உடம்புக்கு நோய் ஒன்றும் இல்லையென்று ஒரு சான்றிதழ் மட்டும் எழுதிக் கொடுங்கள்" என்றார்.

குதிரைக்கு வயது ஆறு. அவருடைய பேத்திகள் பிடரி மயிரைப் பின்னிவிடும்போதும் அசையாமல் நிற்குமாம். இரண்டு திங்களாகத்தான் மாற்றம். பக்கத்தில் கட்டியிருக்கும் குதிரைகளைக் கடிக்கிறது. ஆண் குதிரையைப் போலக் கழுத்தை வளைத்துக் கனைத்துக்கொண்டு பிற பெட்டைகளைத் துரத்துகிறது. லாயத்து ஆளின் கையை ஓர் உதையில் முறித்துவிட்டது. "மாணிக்கவாசகர் கதையில் பரி நரியானதே, அதைப்போல ஆகிவிட்டது. எல்லாம் சுழி செய்கிற வேலை" என்று அவர் குதிரையின் கழுத்திலிருந்த மயிர்ச்சுழி ஒன்றைக் காட்டினார்.

அந்தச் சுழி அது பிறந்த நாள் முதல் அங்கேதான் இருந்தது. ஆறாண்டுகள் வாளாவிருந்த சுழி இப்போது ஏன் விழித்துக்கொண்டது என்று கேட்டேன். அவர் விடை கூறவில்லை. சான்றிதழை ஒரு வாரம் தள்ளிப்போடுமாறு கேட்டுக்கொண்டேன். நான் அன்று கையொப்பமிட்டிருந்தால் அடுத்த கை முறிவது, ஒன்றும் அறியாத வேறொருவருடையதாக இருந்திருக்கும்.

குதிரை தன் நோவை வாய்விட்டுச் சொல்லாது. நாய் முனகும், மாடு கத்தும். குதிரையோ, காட்டு விலங்குகளுக்கு இரையாகும் இனமாய் வாழ்ந்த நெடுங்காலத்தின் பயனாக, வலியை மறைக்கவே கற்றிருக்கிறது. மறைக்க முடியாதபோது உதைக்கிறது, கடிக்கிறது. அதனை நாம் குணக்கேடு என்கிறோம். பெட்டையாக இருந்துவிட்டாலோ நம் வேலை இன்னும் எளிது: "பெட்டைப் புத்தி" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறோம். என் அனுபவத்தில், முரண்டு பிடிக்கிறது என்று என்னிடம் கொண்டுவரப்பட்ட பெட்டைகளுட் பெரும்பாலானவற்றின் குறை அவற்றின் பெண்மையில் இல்லை; சேணத்தின் அடியிலோ வாயினுள்ளோ இரைப்பையிலோ குளம்பிலோதான் இருந்தது.

வாயை எடுத்துக்கொள்வோம். குதிரையின் கடைவாய்ப் பற்கள் ஆண்டுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவு வெளிவந்துகொண்டே இருக்கும். மெல்ல மெல்லத் தேயும். மேல்தாடை கீழ்தாடையைவிட அகலமானது. ஆதலால் மேற்பற்களின் வெளி விளிம்பும் கீழ்ப்பற்களின் உள் விளிம்பும் தேயாமல் நின்று, கத்திபோற் கூர்மையாகும். கூர்மையான பல் கன்னத்தைக் கிழிக்க, அதன்மேல் கடிவாளமும் இழுபட்டால், எந்தக் குதிரைதான் தலையை உதறாது? அரத்தால் சிறிது தேய்த்துவிட்ட மறுவாரமே பழைய குணம் திரும்பியதைப் பல முறை கண்டிருக்கிறேன்.

இரைப்பையின் கதையும் அத்தகையதே. நமக்கு உணவு வேளைகளில்தான் அமிலம் மிகுதியாகச் சுரக்கும். குதிரைக்கோ பகலும் இரவும் ஓயாமல் சுரக்கும். நாள் முழுதும் புல் மேய்வதற்கென்றே அமைந்த வயிறு அது. அதனைக் கொட்டடியில் கட்டி, காலையிலும் மாலையிலும் கொள்ளும் தானியமும் மட்டும் கொடுத்தால் அமிலம் வெறுவயிற்றை அரித்துப் புண்ணாக்கும். பந்தயக் குதிரைகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு இப்புண் உண்டென்பது இன்று நன்கு அறியப்பட்ட செய்தி. சேணத்தின் வயிற்றுவாரை இறுக்கும்போது திரும்பிக் கடிக்க வரும் குதிரையை அடிக்குமுன், அது கடைசியாக எப்போது வைக்கோலைத் தின்றது என்று கேட்க வேண்டும்.

குதிரைகளைப் பேணத் தெரியாமை நம் நாட்டில் புதிதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டி நாட்டிற்கு வந்த மார்க்கோ போலோ, கடல் கடந்து ஆண்டுதோறும் இங்கு வந்திறங்கிய குதிரைகளுட் பெரும்பாலானவை பேணுவோரின்றி விரைவில் மடிந்தன என்று எழுதிவைத்திருக்கிறார்.

இனி, பெண்மையால் வரும் மாறுதல் அறவே இல்லையோ எனின், உண்டு. பெட்டைக் குதிரை ஏறத்தாழ இருபத்தொரு நாளுக்கு ஒரு முறை பருவத்திற்கு வரும்; அப்பருவம் ஐந்து முதல் ஏழு நாள் நீடிக்கும். குளிர்நாடுகளில் பகல் குறுகும் காலத்தில் இச்சுழற்சி நின்றுவிடும். நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் பல குதிரைகளுக்கு ஆண்டு முழுவதுமே தொடரும். அந்நாட்களில் வாலைத் தூக்குவதும், அடிக்கடி சிறிது சிறிதாக நீர் விடுவதும், வேலையில் கவனம் சிதறுவதும் இயல்பு. இதனை அறிய ஒரு நாட்குறிப்பே போதும். தேதி, தீனி, வேலை, நடத்தை ஆகியவற்றை இரண்டு மூன்று திங்கள் எழுதிவந்தால், மூன்று வாரத்திற்கொருமுறை தொல்லை திரும்புகிறதா என்பது தெளிவாகிவிடும். திரும்பினால் அது பருவம். அந்த வாரம் வேலையைக் குறைத்தால் தீர்ந்தது. திரும்பாவிடில் வேறு காரணம் தேட வேண்டும்.

தேடும்போது மறக்கக்கூடாத ஒன்று உண்டு. அதனை நான் கற்றுக்கொண்ட விதம் பெருமைக்குரியதன்று. பணியில் சேர்ந்த புதிதில், விழுங்க முடியாமல் எச்சில் ஒழுக நின்ற ஒரு பெட்டைக் குதிரையைப் பார்க்க அழைத்தார்கள். இரண்டு நாளாக எதிர்ப்பட்டதையெல்லாம் கடிக்கிறது என்றார்கள். தொண்டையில் ஏதோ அடைத்திருக்கிறது என்று எண்ணி, கையுறைகூட அணியாமல் வாய்க்குள் கைவிட்டுத் துழாவினேன். ஒன்றும் அகப்படவில்லை. மூன்றாம் நாள் அது இறந்தது. மூளையைச் சோதித்தபோது வெறிநோய் என்று தெரிந்தது. என் விரலில் ஒரு கீறல் இருந்தது. வாயைப் பிடித்துக் கொடுத்த குதிரைக்காரரின் கையிலும் இருந்தது. அக்காலத்தில் வயிற்றைச் சுற்றி நாளுக்கு ஒன்றாகப் பதினான்கு ஊசிகள் போடுவார்கள். இருவரும் ஒரே வரிசையில் நின்று போட்டுக்கொண்டோம். அவருக்குப் பள்ளி செல்லும் வயதில் மூன்று குழந்தைகள். நான் கேளாமல் விட்ட கேள்வி ஒன்றே: அண்மையில் நாய் ஏதேனும் கொட்டடிக்குள் வந்ததா? வந்திருந்தது.

இன்று தோளில் போடும் சில ஊசிகளே போதும். குதிரைகளுக்கும் தடுப்பூசி உண்டு. எனினும், நோய்க்குறி தோன்றியபின் இந்நோய்க்கு மருந்தில்லை. ஆகவே திடீரென்று குணம் மாறிய எந்தக் குதிரையின் வாயிலும் ஆராயாமல் கை வைக்காதீர்கள்.

அத்தகைய குதிரையை அணுகும் முறையையும் சொல்லிவிடுகிறேன். அதன் கண்கள் தலையின் பக்கவாட்டில் அமைந்திருப்பதால் ஏறக்குறையச் சுற்றெங்கும் பார்க்கும். நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் மட்டும் பார்வை எட்டாது. அவ்விரண்டு இடங்களையும் தவிர்த்து, குரல் கொடுத்துக்கொண்டே தோள்பக்கமாகச் செல்ல வேண்டும். கயிற்றை ஒருபோதும் கையில் சுற்றிக்கொள்ளலாகாது. அச்சத்தோடு போவதைவிடப் போகாதிருத்தல் நன்று. பெர்லின் நகரில் கணக்குப் போடுவதாகப் பெயர்பெற்ற ஹான்ஸ் என்னும் குதிரையை 1907-இல் ஆராய்ந்த ஆஸ்கார் ஃபுங்ஸ்ட், அது கணக்கறியாது, கேள்வி கேட்பவர் தம்மையறியாமல் தலையை அசைக்கும் சிற்றசைவையே கண்டுகொள்கிறது என்று மெய்ப்பித்தார். அவ்வளவு நுண்ணிய அசைவைக் காணும் விலங்கு, நம் கை நடுங்குவதைக் காணாதா?

கறுப்புக் குதிரைக்கு வருவோம். அதன் பல்லிலும் முதுகிலும் கண்ணிலும் குறையில்லை. பெரியவரின் மகன் எழுதிய நாட்குறிப்பிலும் மூன்று வார ஒழுங்கு இல்லை. இரண்டு திங்களாகப் பருவமே வரவில்லை. மலக்குடல் வழியாகக் கைவிட்டுச் சோதித்தபோது காரணம் தட்டுப்பட்டது. இடது சூலகம் உரித்த தேங்காய் அளவுக்குப் பருத்திருந்தது. வலது சூலகமோ பாக்களவாகச் சுருங்கிக் கிடந்தது. பெட்டைக் குதிரையின் சூலகத்தில் தோன்றும் கட்டிகளுள் மிகுதியாகக் காணப்படுவது இவ்வகைதான். பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டுமே வரும். பிற உறுப்புகளுக்குப் பரவுவது மிக அரிது. ஆனால் அது ஹார்மோன்களைச் சுரந்து மற்றச் சூலகத்தை உறங்க வைத்துவிடும். சில வேளை டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோனையும் சுரக்கும். அது மனிதருக்கும் குதிரைக்கும் ஒன்றே. ஆதலின் மனிதர்களுக்கான ஆய்வுக்கூடத்திலேயே இரத்தத்தைச் சோதித்தோம். பெட்டைக்கு இருக்க வேண்டிய அளவைக் காட்டிலும் பன்மடங்கு இருந்தது.

பெரியவரிடம் படம் வரைந்து விளக்கினேன். நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "அப்படியானால் நான் இதை அடித்தது..." என்று தொடங்கி, முடிக்காமலே எழுந்து குதிரையிடம் போனார்.

மயக்கமருந்து கொடுத்து, நின்ற நிலையிலேயே விலாவைத் திறந்து அக்கட்டியை அகற்றினோம். சில வாரங்களில் துரத்தலும் கடித்தலும் அடங்கின. உறங்கிய வலது சூலகம் விழித்து மீண்டும் பருவம் வர எட்டுத் திங்கள் ஆயிற்று. அதன்பின் அது சினைப்பட்டுப் பதினொரு திங்களில் பெட்டைக் குட்டி ஒன்றை ஈன்றது.

குட்டியைக் காட்டப் பெரியவர் என்னை வீட்டுக்கு அழைத்திருந்தார். கறுப்புக் குதிரையின் பிடரி மூன்று பின்னல்களாகப் பின்னப்பட்டிருந்தது. குட்டியின் கழுத்தை நான் தடவிக்கொண்டிருந்தபோது பெரியவர் அருகில் வந்து, மெல்லிய குரலில், "இதற்குச் சுழி நல்ல இடத்தில் விழுந்திருக்கிறதா, ஐயா?" என்று கேட்டார்.