பெட்டியில் ஒரு பெயர், உள்ளே வேறு பெயர்: அடையாளம் தெரியாத ஸ்விட்ச்சை ஹோம் அசிஸ்டன்ட்டில் சேர்ப்பது எப்படி?

இந்த வாரம் பிள்ளையார்பாளையத்திலிருந்து ஒரு நேயர் கேட்ட கேள்வியை எடுத்துக்கலாம். அவங்க வீட்லயே தறி இருக்கு. நாலு பட்டன் உள்ள ஒரு ஜிக்பி டச் ஸ்விட்ச் வாங்கி மாட்டியிருக்காங்க. அந்தக் கம்பெனியோட ஆப்ல வேலை செய்யுது. ஆனா ஹோம் அசிஸ்டன்ட்ல சேர்க்கப் போனா, ஜிக்பி2எம்க்யூடிடி "இந்தச் சாதனத்துக்கு ஆதரவு இல்லை"ன்னு சொல்லுது. பெட்டியில இருக்கிற பிராண்ட் பேரைத் தேடினா எங்கயுமே கிடைக்கல.

ஆப்லதான் ஓடுதே, அப்புறம் என்னன்னு கேட்கலாம். அது இன்டர்நெட்டையும் கம்பெனியோட சர்வரையும் நம்பி ஓடுது. 2022 ஏப்ரல்ல அமெரிக்காவின் இன்ஸ்டியான் கம்பெனி முன்னறிவிப்பே இல்லாம சர்வரை நிறுத்திடுச்சு. ஒரே ராத்திரியில ஆப், ஷெட்யூல் எல்லாம் போச்சு. அந்த நேரத்துல தப்பிச்சவங்க, ஹோம் அசிஸ்டன்ட் மாதிரி வீட்டுக்குள்ளயே ஓடுற மென்பொருள்ல சாதனங்களை இணைச்சு வச்சிருந்தவங்கதான்.

இப்போ அடையாளத்துக்கு வருவோம். நம்ம ஊர்ல புடவையில எந்தக் கடை அட்டை தொங்கினாலும், தெரிஞ்சவங்க அதை மட்டும் நம்ப மாட்டாங்க. ஒரு நூலை உருவி எரிச்சுப் பார்ப்பாங்க. முடி கருகுற வாசனை வந்து, சாம்பல் விரல்ல பொடிஞ்சா பட்டு. ஸ்விட்ச்சுக்கும் அதே கதைதான். ஒரே தொழிற்சாலையில செஞ்ச பலகையை வாங்கி, பத்து கம்பெனி பத்து பேர்ல விக்கும். இதுக்கு வொயிட் லேபிள்னு பேரு. பெட்டியில இருக்கிற பேர் மென்பொருளுக்குத் தெரியவே தெரியாது.

மென்பொருள் பார்க்கிறது ரெண்டு விஷயம்: மாடல் ஐடி, மேனுஃபாக்சரர் நேம். ஸ்விட்ச் நெட்வொர்க்ல சேரும்போது அதுவே இந்த ரெண்டையும் சொல்லிடும். பழைய கேட்வேயிலிருந்து நீக்கிட்டு, பட்டனை அழுத்திப் பிடிச்சு ரீசெட் பண்ணி, மறுபடி பேர் பண்ணுங்க. ஒரு ஜிக்பி சாதனம் ஒரு நேரத்துல ஒரு நெட்வொர்க்லதான் இருக்க முடியும்.

நேயர் அனுப்பின ஸ்க்ரீன்ஷாட்ல மாடல் ஐடி டிஎஸ்0601. இது துயாங்கிற சீனக் கம்பெனியோட மாட்யூல். இந்த ஒரே ஐடியில திரைச்சீலை மோட்டார், ஹீட்டர் வால்வு, ஸ்விட்ச்னு எத்தனையோ பொருள் வருது. அதனால மாடல் ஐடி மட்டும் போதாது. கூட வர்ற மேனுஃபாக்சரர் நேமையும் சேர்த்துப் பார்த்தாதான் எது என்னன்னு பிரிக்க முடியும். மென்பொருள்ல இதை ஃபிங்கர்பிரின்ட்னு சொல்றாங்க. கைரேகையேதான்.

இன்னொரு சிக்கல் இருக்கு. சாதாரண ஜிக்பி ஸ்விட்ச், ஆன் ஆஃபுக்குன்னே இருக்கிற பொதுவான கிளஸ்டர்ல பேசும். அதைப் பெரும்பாலும் மென்பொருளே புரிஞ்சுக்கும். டிஎஸ்0601 வகை, துயாவோட சொந்த கிளஸ்டர்ல, டேட்டாபாயின்ட்னு எண் போட்டுப் பேசும். எந்த எண் எந்த பட்டன்னு யாராவது சொல்லிக் கொடுத்தாதான் உண்டு.

சொல்லிக் கொடுக்கிறது பெரிய வித்தை இல்லை. லாக் அளவை டீபக்ல வைங்க. ஒவ்வொரு பட்டனா அழுத்தி, எந்த எண் மாறுதுன்னு நோட்டுல எழுதுங்க. நாலு பட்டனுக்கும் வரிசையா 1, 2, 3, 4ன்னு வர்றது வழக்கம். அப்புறம் ஆதரவுப் பட்டியல்ல இதே மாதிரி நாலு பட்டன் ஸ்விட்ச்சைத் தேடி, அதோட வரையறையை நகலெடுத்து, கைரேகையை மட்டும் மாத்தி, ஒரு சின்ன ஜாவாஸ்கிரிப்ட் ஃபைலா எழுதுங்க. இதுதான் எக்ஸ்டர்னல் கன்வெர்ட்டர். ஜிக்பி2எம்க்யூடிடி 2.0லேர்ந்து, டேட்டா ஃபோல்டருக்குள்ள இருக்கிற எக்ஸ்டர்னல் கன்வெர்ட்டர்ஸ் ஃபோல்டர்ல போட்டாலே எடுத்துக்கும்.

பட்டன் வேலை செஞ்சதும் முடிஞ்சதுன்னு எழுந்திராதீங்க. முக்கியமான விஷயமே இனிமேதான். கரன்ட் போய்த் திரும்ப வந்தா ஸ்விட்ச் என்ன பண்ணணும்? இதுக்கும் தனியா ஒரு டேட்டாபாயின்ட் உண்டு, பல மாடல்கள்ல 14. ஆஃப், ஆன், பழைய நிலை, இந்த மூணுல ஒண்ணைத் தேர்ந்தெடுக்கலாம். நேயருக்குத் தறி மேல இருக்கிற விளக்கு பழைய நிலைக்கே வரணும். குழியில கால், கையில நாடா, மடியில பாவுன்னு உட்கார்ந்திருக்கிறவர் ஒவ்வொரு தடவையும் ஏறி வந்து பட்டன் தட்ட முடியாது.

ஆனா அதே போர்டுல நாலாவது பட்டன்ல தண்ணி மோட்டாரையும் கொடுக்கலாமான்னு கேட்டிருந்தாங்க. வேண்டாம். நிறைய மாடல்கள்ல இந்த அமைப்பு மொத்த போர்டுக்கும் ஒண்ணுதான். விளக்குக்காக பழைய நிலைன்னு வச்சா, நடுராத்திரி கரன்ட் வரும்போது மோட்டாரும் தானா ஓடும். தொட்டி நிறைஞ்சு வழியும், இல்லன்னா கிணத்துல தண்ணி இல்லாம காய்ஞ்சு ஓடிக் கருகும். அதோட மோட்டார் ஸ்டார்ட் ஆகிற நொடியில இழுக்கிற கரன்ட் வழக்கத்தை விடப் பல மடங்கு. சின்ன ரிலேயோட முனைகள் ஒட்டிக்கிட்டா, ஆஃப் பண்ணினாலும் நிக்காது. மோட்டாருக்குத் தனி ஸ்விட்ச், நடுவுல ஒரு கான்டாக்டர், கரன்ட் வந்தா ஆஃப். வயரிங்கை எலக்ட்ரீஷியனை வச்சு, மெயினை இறக்கிட்டுப் பண்ணுங்க. முதல்ல ஒரு பல்பை மாட்டிச் சோதிச்சுப் பாருங்க.

கடைசியா ஒண்ணு. அந்த ஃபைலை உங்க வீட்டோட நிறுத்திடாதீங்க. கிட்ஹப்ல ஜிக்பி-ஹெர்ட்ஸ்மேன்-கன்வெர்ட்டர்ஸ் திட்டத்துக்கு புல் ரிக்வெஸ்ட்டா அனுப்புங்க. மாடல் ஐடி, மேனுஃபாக்சரர் நேம், டேட்டாபாயின்ட் பட்டியல், ஸ்விட்ச்சோட படம் இருந்தா போதும். பெட்டியில இருக்கிற பிராண்ட் பேரை வொயிட் லேபிள் வரியில சேருங்க. அப்போதான் அடுத்தவர் அந்தப் பேரைத் தேடும்போது பட்டியல்ல கிடைக்கும். 2018ல கூன் கான்டர்ஸ் ஆரம்பிச்ச ஜிக்பி2எம்க்யூடிடி, இப்படி ஆளுக்கொரு ஸ்விட்ச்சா சேர்த்துத்தான் ஆயிரக்கணக்கான சாதனங்களுக்கு வளர்ந்திருக்கு.

கிட்ஹப் புதுசுன்னு தயங்குறவங்களுக்கு, காஞ்சி லினக்ஸ் பயனர் குழு இருக்கு. கட்டற்ற மென்பொருளைத் தமிழ்லயே பேசுற நம்ம ஊர்க் குழு. தயங்காம கேளுங்க.

நேயரோட ஸ்விட்ச்ல நாலு பட்டனும் இப்போ வேலை செய்யுது, புல் ரிக்வெஸ்ட் எழுதிட்டிருக்காங்க. உங்க வீட்லயும் பேர் தெரியாத ஸ்விட்ச் ஏதாவது இருந்தா, அந்த ரெண்டு வரியை மட்டும் அனுப்புங்க, பார்த்துடலாம். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.