வேலையை உடன்கொண்டு போவோர்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நம் தந்தையார் திருச்சியிலிருந்து இந்த நாகபுரிக்கு வந்தது இரயில்வே நியமன உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டுதான். உத்தரவு சொன்ன ஊரே வீடாயிற்று. இக்காலனியில் பல குடும்பங்களின் வரலாறும் அதுவே. வேலை இருக்குமிடத்திற்கு மனிதன் போவதையே நாம் அறிவோம். மனிதன் போகுமிடத்திற்கு வேலை கூடவே வருவதைச் சென்ற சித்திரையில்தான் கேள்வியுற்றோம்.

நம் தமக்கையின் மகனுக்குப் பெங்களூர் ஸ்தாபனம் ஒன்றில் கணினி உத்தியோகம். போர்ச்சுகல் நாட்டிலே ஓராண்டு வாழப்போவதாகக் கூறினான். "அங்கே உனக்கு வேலை கொடுத்தவர் யாரப்பா?" என்றோம். "யாரும் கொடுக்கவில்லை மாமா, இந்த வேலையையே கொண்டு போகிறேன்" என்றான். அதற்கென்று தனி விசா உண்டாம். 'டிஜிட்டல் நாடோடி விசா' என்பார்களாம். நாடோடி என்ற சொல் காதில் விழுந்ததும் நம் தாயார் எழுந்து சமையலறைக்குள் போய்விட்டார்.

நாம் அதைப் பற்றித் தேடிப் படித்தோம். கொரோனா நோயினால் பயணிகள் வரவு நின்றுபோன 2020 ஜூலையில், பார்படோஸ் தீவு இத்தகைய அனுமதியை ஓராண்டுக்கு வழங்கத் தொடங்கியது. அடுத்த மாதம் எஸ்தோனியாவும், 2022 அக்டோபரில் போர்ச்சுகலும் மலேசியாவும், 2024-இல் ஜப்பானும் தாய்லாந்தும் இவ்வழியே வந்தன. இது தருமத்திற்குத் திறந்த சத்திரமன்று. அயலான் உள்ளூரான் வேலையைத் தொடலாகாது. வெளியே ஈட்டியதை உள்ளூர்க் கடையிலே செலவிட வேண்டும். கணக்கு அவ்வளவே.

ஆகையால் வருமானத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். போர்ச்சுகலில் அந்நாட்டுக் குறைந்தபட்ச ஊதியத்தைப் போல் நான்கு மடங்கு காட்டவேண்டும். 2025-ஆம் ஆண்டுக் கணக்கில் அது மாதம் 3,480 யூரோ. நம் பணத்தில் மூன்று இலட்ச ரூபாய்க்கு மேல். பையனின் சம்பளம் எட்டவில்லை. ஜப்பானிலோ ஆண்டுக்கு ஒரு கோடி யென் ஈட்டினாலும் ஆறு மாதமே தங்கலாம். அதுவும் அவர்கள் குறித்த சில நாட்டுக் குடிகளுக்கே. அப்பட்டியலில் இந்தியா இல்லை. தகுதியைப் பார்க்குமுன் கடவுச்சீட்டைப் பார்க்கிறார்கள் என்பது நமக்குச் சற்றே உறுத்தியது.

மலேசியா எட்டும் தொலைவில் இருந்தது. கணினித் துறையினர் ஆண்டுக்கு 24,000 டாலருக்கு மேல் ஈட்டினால் மூன்று மாதம் முதல் பன்னிரண்டு மாதம் வரை அனுமதி கிடைக்கும். ஆனால் இம்முறை முட்டுக்கட்டை அவன் ஸ்தாபனத்திலிருந்தே வந்தது. ஊழியன் அயல்நாட்டில் அமர்ந்து வேலை செய்தால் ஸ்தாபனமே அங்குத் தொழில் நடத்துவதாகக் கருதி வரி கேட்பார்களோ என்ற அச்சம். ஊழியனுக்கும் நாள் கணக்கு உண்டு: ஓராண்டில் 182 நாள் தங்கினால் மலேசியா அவனை வரி விஷயத்தில் தன் வாசியாகக் கொள்ளும். விசா தங்குவதற்கு அனுமதியே அன்றி வரிக்கு விலக்கன்று. இதை அவனுக்கு எடுத்துச் சொன்னவர் இந்தக் குமாஸ்தாதான் என்று சிறிது பெருமையோடு கூறிக்கொள்கிறோம். மூன்று கடிதங்களுக்குப் பின் ஸ்தாபனம் ஐந்து மாதத்திற்கு மட்டும் இசைந்தது.

இவ்வளவு நாளும் வாய் திறவாதிருந்த தமக்கை அன்றிரவு கேட்டாள்: "எங்கே இருந்தும் செய்யலாம் என்கிற வேலையை இந்தப் பின்னறையில் இருந்து செய்தால் ஆகாதா?" அவள் கணவர் போய் நான்கு ஆண்டாகிறது. பையன் தலை கவிழ்ந்தான். நாமும் மறுமொழி கூறவில்லை. நம் தந்தையாருக்கு உத்தரவு என்றொரு சாக்கு இருந்தது. திருச்சியில் அழுத பாட்டியிடம் அதைக் காட்டினார். இவனுக்குக் காட்ட ஒன்றுமில்லை. போக விரும்புகிறேன் என்று தானே சொல்லவேண்டும். சொன்னான். அவனைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை.

தை பிறந்ததும் புறப்படுகிறான். பெங்களூரில் ஒன்பதரைக்குத் தொடங்கும் அலுவல் கோலாலம்பூரில் நடுப்பகல் பன்னிரண்டுக்குத் தொடங்குமாம். ஆகவே காலைப் பொழுதில் தாயுடன் பேசுவதாக ஒப்பந்தம். தமக்கை இப்பொழுதே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து இரண்டரை மணி கூட்டிப் பழகி வருகிறாள்.