வீரரை வளர்க்கும் விளையாட்டு



பாடசாலை அதிபர் ஒருவர் ஒலிவாங்கியின் முன் அமர்ந்து வீடியோ விளையாட்டைப் பற்றிப் பேசப் போகின்றார் என்றதும், அதனைக் கண்டிக்கவே வந்திருக்கின்றார் என நீங்கள் எண்ணுதல் இயல்பு. பல்லாண்டுகளாக நானும் அதனைக் கண்டித்து வந்தவனே. ஆயின், இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. போர்த்தந்திர விளையாட்டொன்றிலே நம் கைவசமுள்ள வீரரை, கிடைத்த வாய்ப்பு வீணாகாதவாறு, படிப்படியாக உயர்த்துவது எங்ஙனம் என்பதே அப்பொருள். அதனை எனக்குக் கற்பித்தவன் என் தமக்கையின் மகன். கற்றபின்னர் நான் வெட்கமுற நேர்ந்ததோ என் தொழிலைக் குறித்து. அதனையும் இறுதியிலே சொல்லிவிடுகின்றேன்.

முதலில் விளையாட்டை அறிமுகஞ் செய்வோம். யப்பானிலே கியோத்தோ நகரைச் சேர்ந்த இன்டெலிஜென்ட் சிஸ்டம்ஸ் நிறுவனத்தார் ஆக்க, நிண்டெண்டோ நிறுவனத்தார் 1990 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் வெளியிட்டதோர் ஆட்டத்துடன் ‘ஃபயர் எம்பிளம்’ என்னும் விளையாட்டு வரிசை தொடங்கிற்று. அதனை வகுத்தவர் ஷோஸோ காகா என்பவர். அவ்வரிசையில், கேம்போய் அட்வான்ஸ் என்னும் கையடக்கக் கருவிக்காக 2003 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆட்டமே யப்பானுக்கு வெளியே முதன்முதல் விற்பனைக்கு வந்தது. 2023 ஆம் ஆண்டில் அது ஸ்விட்ச் என்னும் புதிய கருவிக்கும் வந்து சேர்ந்தது. நான் ஆடிப் பார்த்ததும் அதுவே.

சதுரங்கம் அறிந்தோர்க்கு இதனை விளக்குதல் எளிது. கட்டங்களாக வகுக்கப்பட்ட களம். நம் வீரர் ஒரு முறை நகர்வர். பின்னர்ப் பகைவர் ஒரு முறை நகர்வர். ஆயின் சதுரங்கக் காலாளுக்குப் பெயரில்லை; வெட்டுண்டாலும் அடுத்த ஆட்டத்தில் அவன் மீண்டும் வந்து நிற்பான். இங்கோ, ஒவ்வொரு வீரருக்கும் பெயருண்டு, முகமுண்டு, கதையுண்டு. பிரதான கதையிலே களத்தில் வீழ்ந்தவர் மீண்டும் வாரார். ஆட்டத்தின் எஞ்சிய பகுதி முழுவதையும் அவரின்றியே நடத்தல் வேண்டும். அன்றேல் அந்த அத்தியாயத்தைத் தொடக்கத்திலிருந்து மீண்டும் ஆடல் வேண்டும்.

இவ்வீரர் வளர்வது எவ்வாறு? பகைவனைத் தாக்கினால் சில அனுபவப் புள்ளிகள். வீழ்த்தினாலோ பல புள்ளிகள். நூறு புள்ளிகள் சேர்ந்ததும் வீரர் ஒரு படி உயர்கின்றார். உயரும்போது உயிர்நிலை, வலிமை, திறன், வேகம், நல்லூழ், காப்பு, மந்திரத்தடுப்பு என்னும் ஏழு தன்மைகளுட் சில கூடும்; சில கூடா. ஒவ்வொரு தன்மையும் கூடுதற்கான வாய்ப்பு வீதம் ஆளுக்கு ஆள் வேறுபடும். எனவே இரண்டு படி உயர்ந்தும் ஏதும் பெறாதவரும் உளர். ஒரே படியில் ஐந்து தன்மை பெற்றவரும் உளர்.

இங்கே நாம் கருத்திற் கொள்ளவேண்டிய உண்மை ஒன்றுண்டு. இவ்வாட்டத்திலே ஊர் சுற்றிப் புதிய பகைவரைத் தேடிப் போரிட வழியில்லை. அத்தியாயத்துக்கு இத்தனை பகைவர் என அளவு உண்டு. ஆகவே அனுபவம் என்பது பானையிலே அளந்து இட்ட சோறு போன்றது. ஒருவர் உண்டது மற்றவருக்கு இல்லை. திறம்பட வளர்த்தல் என்பது நிறையப் புள்ளிகளைத் திரட்டுவதன்று. அளவான புள்ளிகளை யாருக்குப் பங்கிடுவது எனத் தேர்வதே ஆகும்.

நான் செய்த பிழையை இனிக் கூறுகின்றேன். கதையின் நாயகருள் ஒருவனாகிய எலிவுட் என்னும் இளங்கோமகன் தன் தந்தையைத் தேடிப் புறப்படுகின்றான். அவனுடன் மார்க்கஸ் என்னும் மூத்த குதிரைவீரர் வருகின்றார். ரெபெக்கா என்னும் கிராமத்து வில்லாளிப் பெண்ணும், லோவென் என்னும் இளைய குதிரைவீரனும், கோடரி ஏந்திய இருவரும் உடன் வருகின்றனர். இவர்களுள் மார்க்கஸ் ஒருவரே உயர்நிலை எய்தியவர். கையிலே வெள்ளி ஈட்டி உடையவர். நான் அவரையே முன்னே அனுப்பினேன். அவர் சென்ற இடமெல்லாம் பகைவர் வீழ்ந்தனர். அத்தியாயங்கள் விரைவில் முடிந்தன. நான் நல்ல தளபதி என்றே எண்ணிக்கொண்டேன்.

கதை நடுப்பகுதியை அடைந்ததும் நிலைமை மாறியது. பகைவர் வலிமை பெற்றனர். மார்க்கஸோ ஏறத்தாழ நின்ற இடத்திலேயே நின்றார். உயர்நிலை எய்தியவராதலால், அவருக்கு ஒவ்வொரு வெற்றியிலுங் கிடைத்த புள்ளிகள் சொற்பம். வளர்ச்சி வாய்ப்பும் குறைவு. வேகத்தை எடுத்துக்கொண்டால், அது கூடும் வாய்ப்பு மார்க்கஸுக்கு நூற்றுக்கு 25, ரெபெக்காவுக்கு 60. அந்த ரெபெக்காவோ மூன்றாம் படியிலேயே நின்றாள். ஒரு நாள் குதிரைவீரன் ஒருவனுடைய ஈட்டிக்கு ஒரே முறையில் இரையானாள்.

அருகிலிருந்த மருமகன் சிரிக்கவில்லை. “எல்லாரையும் அந்தக் கிழவரே அடிச்சு முடிச்சால், மற்றவை எப்பிடி மாமா வளருவினம்?” என்று மட்டுங் கேட்டான். பின்னர்ச் சில நாட்களாக அவன் சொல்லித்தந்த முறைகளைத் தொகுத்துக் கூறுகின்றேன்.

முதலாவது, வலியவனை வாளாகவன்றிக் கேடயமாகக் கொள்ளுதல். மார்க்கஸின் வெள்ளி ஈட்டியை ஒதுக்கி, இரும்பு வாளைக் கொடுத்து முன்னே நிறுத்தினால், பகைவர் அவரையே தாக்குவர். அவர் திருப்பியடிக்கும் மெலிந்த அடியினாற் பகைவர் குற்றுயிராவர். இறுதி அடியை இளையவர் கொடுத்துப் புள்ளி பெறுவர். ஆயுதமே இன்றி நிறுத்தினால், அவர் அடியைத் தாங்குவாரேயன்றி ஒருவரையும் வீழ்த்தார். இளையவரைக் காட்டு மரங்களுள்ள கட்டத்தில் நிறுத்தினால், பகைவர் அடி தவறவும் இடமுண்டு.

இரண்டாவது, பொருத்தமான பகைவனைத் தெரிந்து கொடுத்தல். வாள் கோடரியை வெல்லும். கோடரி ஈட்டியை வெல்லும். ஈட்டி வாளை வெல்லும். 1996 ஆம் ஆண்டு வெளிவந்த ஆட்டத்திலே தொடங்கிய விதி இது. வாளேந்திய புதியவனைக் கோடரிக்காரனுக்கு எதிரே விடுதல் பயிற்சி. ஈட்டிக்காரனுக்கு எதிரே விடுதல் பலி.

மூன்றாவது, தானாக வாய்ப்புப் பெறாதவருக்கு வாய்ப்பை ஒதுக்கி வைத்தல். பகைவரின் முறையிலும் நம் வீரர் திருப்பியடித்துப் புள்ளி பெறலாம். ஆனால் வில்லாளி அடுத்த கட்டத்தில் நிற்பவனைத் தாக்க இயலாது. ஒரு கட்டம் விட்டு நிற்பவனையே தாக்கலாம். ஆகவே வாளேந்தியவன் இரு முறையும் வளர, வில்லாளி பெரும்பாலும் தன் முறையில் மட்டுமே வளர்கின்றாள். அவளுக்கென ஒரு பகைவனை எஞ்சவிடாவிடில், களம் முழுவதும் நடந்தும் அவள் ஒன்றும் பெறாள்.

நான்காவது, போரிடாதார் பணியையும் பயிற்சியாக்குதல். சேரா என்னும் துறவுப்பெண் தொடக்கத்தில் ஆயுதம் ஏந்தாதவள். கோலினாற் காயம் ஆற்றுபவள். ஆற்றும் ஒவ்வொரு முறையும் அவளுக்குப் புள்ளி உண்டு. சிறு காயமே ஆயினும், அதனை மருந்தினால் ஆற்றாது அவளிடமே விட்டால் அவள் வளர்வாள்.

ஐந்தாவது, பதவி உயர்விற் பொறுமை. பத்தாம் படியை அடைந்தவரை அதற்குரிய பொருள் கொண்டு உயர்நிலைக்கு ஏற்றலாம். ஏற்றியதும் அவர் படி மீண்டும் ஒன்றாகும். கீழ்நிலையில் இருபது படிவரை ஏற இடமிருக்கவே, பத்திலேயே ஏற்றினால் எஞ்சிய பத்துப் படியின் வளர்ச்சி இழக்கப்படும். எனினும் நெருக்கடி நேர்ந்தவிடத்து முன்னரே ஏற்றுதலும் தகும். இது காலமறிந்து செய்ய வேண்டியதொன்று.

குறுக்குவழிகளும் உள. அரியணையில் அமர்ந்த பகைத்தலைவனுக்கு ஒவ்வொரு முறையும் காயம் ஓரளவு ஆறுவதால், அவனை வீழ்த்தாது மெலிந்த ஆயுதத்தாற் பன்முறை அடித்துப் புள்ளி சேர்ப்போர் உளர். சில களங்களில் உள்ள பந்தய அரங்கிலே பொன்னைப் பணயம் வைத்துப் போரிட்டும் வளரலாம்; ஆயின் அங்கு வீழ்ந்தாலும் உயிர் போனது போனதே. முதல் வழி காலத்தை விழுங்கும். இரண்டாம் வழி ஆளையே விழுங்கும்.

இவ்விடத்து ஒரு மறுப்பையும் நேர்மையுடன் கூறுதல் வேண்டும். தேர்ந்த ஆட்டக்காரர் பலர், மார்க்கஸைத் தயங்காது பயன்படுத்துக என்பர். ஆட்டத்தைக் குறைந்த முறைகளில் முடிப்பதே திறமையெனின், அவரினும் சிறந்தவர் இலர். அவர்கள் கூற்று பொய்யன்று. இவ்வாட்டமே இறுதியில் நமக்குப் புள்ளியிடும்போது, எத்தனை முறைகளில் முடித்தோம் என்பதையும் பார்க்கின்றது. எத்துணை அனுபவம் ஈட்டினோம் என்பதையும் பார்க்கின்றது. விரைந்து முடித்தலும் ஆளை வளர்த்தலும் ஒன்றையொன்று இழுக்கும். இரண்டிற்கும் இடையே நிற்பவனே தளபதி. இன்றைய வெற்றிக்கு ஒருவன் போதும். இறுதி வெற்றிக்குப் பலர் வேண்டும்.

நேயர்களே, நான் முன்னர்ச் சொன்ன வெட்கத்துக்கு இப்போது வருகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய பாடசாலையொன்றில் விவாத அணி ஒன்றை அமைத்தேன். மூவர் பேசுவர், நான்காமவர் மேலதிக உறுப்பினர். அம்மூவரும் சிறந்த பேச்சாளர். மூன்று ஆண்டுகளாக ஒவ்வொரு சுற்றிலும் அவர்களையே மேடையேற்றினேன். எதிரணி மிக எளியதாயிருந்த முதற்சுற்றுக்களிலுங்கூட அவர்களையே ஏற்றினேன். கிண்ணங்கள் வந்தன. அதிபர் அறையின் அலுமாரி நிறைந்தது. நான்காமவளாகிய மாணவி ஒவ்வொரு பயணத்திலும் வாகனத்தின் பின்னிருக்கையில் அமர்ந்து வந்தாள். தலைப்புத் தோறும் குறிப்பெழுதி மடித்துக் கையில் வைத்திருப்பாள். அக்குறிப்புக்களை மேடையில் விரிக்க அவளுக்கு ஒரு நாளும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. வெற்றி பெற்று வரும்போது எல்லாருடனும் சேர்ந்து அவளுங் கைதட்டுவாள்.

மூவரும் உயர்தரம் முடித்துச் சென்றனர். நான்காம் ஆண்டில் அவளை அழைத்து, “இனி நீயே தலைமை தாங்கவேண்டும்” என்றேன். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, “எனக்கு மேடையிலை நிண்டு பழக்கமில்லை, சேர்” என்றாள். அந்த ஆண்டு எமக்கு அணியே இருக்கவில்லை. குறை அவளுடையதென்றே நான் அப்பொழுது எண்ணினேன். மூன்றாம் படியிலே வீழ்ந்த வில்லாளியைத் திரையிற் கண்ட அன்றுதான், களம் முழுவதும் அவளை நடத்திவிட்டு ஒரு பகைவனையேனும் எஞ்சவிடாதவன் நானே என்பது எனக்கு விளங்கிற்று.

விளையாட்டுக்கும் பாடசாலைக்கும் வேறுபாடுண்டு. அதனையும் மறத்தல் ஆகாது. அவ்வாட்டத்திலே நாற்பதுக்கு மேற்பட்ட வீரர் நம்முடன் சேரலாம். எல்லாருக்கும் சமமாகப் பங்கிட்டால் ஒருவரும் தேறார். ஆகவே சிலரைத் தெரிந்து ஏனையோரைப் பாசறையில் விட்டுவிடுவது அங்கே முறை. ஆசிரியருக்கோ பாசறை என ஒன்றில்லை. வகுப்பில் உள்ளோர் அனைவரும் களத்தில் உள்ளோரே. மேலும், அவ்வீரர்களின் வளர்ச்சி வீதம் திரையிலே தோன்றாவிடினும், ஆட்டத்தின் உள்ளே எண்ணாக எழுதப்பட்டிருக்கின்றது. ஆய்ந்தோர் அதனைக் கண்டறிந்துள்ளனர். பிள்ளையின் வளர்ச்சி வீதத்தையோ எவரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. நினோ என்னும் மந்திரக்காரச் சிறுமி கதையின் பிற்பகுதியில், ஏனையோர் எவ்வளவோ உயர்ந்துவிட்ட வேளையிலே, ஐந்தாம் படியில் வந்து சேர்கின்றாள். பொறுமையுடன் வளர்த்தால் மிகச் சிறந்தவர்களுள் ஒருத்தி ஆகின்றாள். நம் வகுப்பில் நினோ யார் என்பதை, இறுதி அடியை ஒருமுறையேனும் அவளிடம் விட்டுப் பார்த்தாலன்றி நாம் அறிதல் இயலாது.

இப்போது நான் அதிபராயிருக்கும் பாடசாலையில் எளிய சுற்றுக்களுக்குப் புதியவரையே அனுப்புகின்றேன். தேர்ந்த மாணவர் அவர்களுக்குப் பின்னே அமர்ந்து குறிப்பெடுத்துக் கொடுப்பர். இம்முறையைத் தொடங்கிய ஆண்டில் முதற்சுற்றிலேயே தோற்றோம். பெற்றோர் சிலர் வந்து முறையிட்டனர். அவர்களுக்கு நான் சொன்ன விடை அவர்களைத் திருப்திப்படுத்தவில்லை. அலுமாரியில் அவ்வாண்டுக்குரிய இடம் வெறுமையாகவே இருக்கின்றது. ஆயின் அவ்வாண்டில் மேடையேறி நடுங்கிய மூவரும் அடுத்த ஆண்டும் பேச முன்வந்தனர்; தம்முடன் வேறு இருவரையும் அழைத்து வந்தனர்.

பெற்றோரே, ஆசிரியரே, உங்கள் பிள்ளை இத்தகைய விளையாட்டில் மூழ்கியிருக்கக் கண்டால், நேரத்துக்கு எல்லை வகுத்தல் உங்கள் கடமை. அதனைச் செய்தபின், ஒரு கேள்வியும் கேளுங்கள்: “உன் படையிலே மிக மெலிந்தவர் யார்? அவரை எப்படி வளர்க்கின்றாய்?” பிள்ளை கூறும் விடை, நீங்களும் எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்றாயிருத்தல் கூடும். எனக்கு அது அவ்வாறே ஆயிற்று.